இழுத்தால் பேசாத மவுத் ஆர்கன்

என் அண்ணன் மாமல்லபுரத்தில் கல் வேலை செய்தான். வேலை விட்டதும் மவுத் ஆர்கன் வாசித்தான். இரண்டுக்கும் ஒரே நெஞ்சுதான் இருந்தது.

அந்த மவுத் ஆர்கனைப் பழுதுபார்த்துக் கொடுத்தவள் நான். சங்கீதம் எனக்கு ஸரிகமகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் இடைவெளி. கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த பிறகு, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ரிலே செய்யும் வரிசையில் உட்கார்ந்தேன். ரிலே என்றால் தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பா. உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு. கரண்ட் வந்தால் ஒட்டிக்கொள்ளும், போனால் பிரியும். பிரிந்திருக்கும்போது எவ்வளவு பிரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் உத்தியோகம். ஓர் அளவுத் தகட்டை நடுவில் நுழைத்துப் பார்க்க வேண்டும். சிக்கினால் இடுக்கியால் இந்தப் பக்கம் ஒரு தொடு, தளர்ந்தால் அந்தப் பக்கம் ஒரு தொடு. எங்கள் வரிசைப் பெண்களில் என் கைக்குத் தனிப் பெயர். இந்தம்மா கேப் வைத்த டப்பா பழுதென்று திரும்பி வராது என்பார் சூப்பர்வைசர். அந்தப் பேச்சில் எனக்கு எவ்வளவு கர்வம் இருந்தது என்று இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

மவுத் ஆர்கனுக்கு உள்ளேயும் அதேதான். மூடியைக் கழற்றினால் பித்தளைத் தகடு. அதில் நீள நீளமாய் வெட்டிய வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பித்தளை நாக்கு. நாக்கின் ஒரு முனை தகட்டோடு அறையப்பட்டிருக்கும், மறு முனை வாசலை விட்டு ஒரு நூல் அளவு தூக்கி நிற்கும். அந்த ஒரு நூலில்தான் காற்று புகுந்து நாக்கை ஆட்டுகிறது. ஓட்டைக்கு இரண்டு நாக்குகள். ஊதும் மூச்சுக்கு ஒன்று, இழுக்கும் மூச்சுக்கு ஒன்று. வெளியே விடும் காற்றில்தான் நாமெல்லாம் பேசுகிறோம், பாடுகிறோம், திட்டுகிறோம். உள்ளே போகும் காற்றுக்கும் ஒரு குரல் உண்டு என்பது அந்தச் சின்னப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் மவுத் ஆர்கன் அவனுக்கு ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அண்ணன் ஓர் உள்ளங்கைப் பிள்ளையாருக்குத் தும்பிக்கை திருப்பிக்கொண்டிருந்ததை மூன்று நாள் பட்டறை வாசலில் நின்று பார்த்தவர், நாலாம் நாள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டிப் பிள்ளையாரைக் காட்டினாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. மாற்றிக்கொண்டார்கள். பத்து ஓட்டை, நடுவில் மரச்சட்டம். ஆறு மாதத்தில் ரேடியோவில் கேட்கிற பாட்டெல்லாம் அதில் வர ஆரம்பித்துவிட்டது. பாட்டின் நடுவில் மூச்சு வாங்க அவன் நிறுத்தியதே இல்லை. வாங்குகிற மூச்சும் பாட்டுக்குள்ளேயே போய்விடும்.

அந்த முதல் மவுத் ஆர்கன் அண்ணியின் கையில் செத்தது. கடல்காற்றில் மூடியெல்லாம் பச்சை பூத்துவிட்டதென்று, பொங்கலுக்கு விளக்கு தேய்க்கும்போது அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் கவிழ்த்துவிட்டாள். விளக்கைவிடப் பளபளப்பாக இருந்தது. மரச்சட்டம் உப்பி, பிளந்து, நாக்குகள் வாசலோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் ஊதிப் பார்த்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்தான். "பொட்டு வெக்கல போல" என்றான். அவ்வளவுதான் கோபம்.

அதைச் செங்கல்பட்டுக்கு எடுத்துவந்து நான் பிரித்ததுதான் ஆரம்பம். சட்டத்தை நிழலில் உலர்த்தி உப்புத்தாளால் தேய்த்தேன். நாக்குகளை ஒவ்வொன்றாக ஊசி முனையால் தூக்கிவிட்டேன். நான்கு நாக்குகள் கடைசி வரை வாய் திறக்கவில்லை. சென்னையில் வாத்தியக் கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்காமல், நாக்கு போனா போனதுதாம்மா, புதுசு எடுத்துக்குங்க என்றார். எடுத்தேன். பிளாஸ்டிக் சட்டம் வைத்தது. இதைப் புளி ஒன்றும் செய்யாது என்று அண்ணியிடம் சொல்லிக் கொடுத்தேன். கடலோரத்து உப்பு மட்டும் விடவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், அவன் எதிரில் உட்கார்ந்து பிரித்து, நாக்குகளில் படிந்த உப்பைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு வருவேன். அண்ணி மீன் குழம்பு வைப்பாள். அந்த ஞாயிறுகளில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அதே வருஷங்களில்தான் பட்டறைகளுக்குக் கல் அறுக்கும் மெஷின் வந்தது. உளியும் சுத்தியலுமாக இருந்தவரை கல் சில்லு சில்லாய்த் தெறித்துக் காலடியில் விழும். மெஷின் அதை மாவாக்கியது. மாவு விழாது, நிற்கும். பட்டறைக்குள் பகலெல்லாம் ஒரு வெள்ளைப் பனி. மாலையில் அண்ணன் வீடு திரும்பினால் புருவம், காதுமடல், இமைமுடி எல்லாம் நரைத்திருக்கும். முகத்தில் கட்டிய துண்டை அவிழ்த்தால் மூக்கும் வாயும் மட்டும் மனுஷ நிறம். குளித்து வந்தால் பழைய அண்ணன். அப்புறம் இருமல். முதலில் காலையில் மட்டும். பிறகு காலையிலும் மாலையிலும்.

அண்ணிக்கு அந்த இருமல் ஆகவில்லை. பக்கத்துப் பட்டறையில் ஒருவர் அப்படி இருமி இருமிப் படுத்த படுக்கையானது அவளுக்குத் தெரியும். கோவளத்தில் அவளுடைய சித்தப்பா, மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் வண்டிக்கு நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் போ என்று தினமும் சொன்னாள்.

"இருமிகினே கீறியே. மெஷின வுட்டுடுயா."

அண்ணன் இதற்கு வைத்திருந்த பதில் ஊருக்கே தெரியும். கல் வாங்கும்போது அவர்கள் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும், இல்லாவிட்டால் மணி அடித்தது போல வரும். அண்ணன் விரலை மடித்துத் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவான். கணீர்னு கீது பாரு என்பான். பிறகு மவுத் ஆர்கனை எடுத்து ஒரு பாட்டு முழுக்க வாசிப்பான். முடித்துவிட்டு அண்ணியைப் பார்ப்பான்.

"மூச்சு போயிருந்தா இப்ப இத்த யாரு வாசிச்சது? உங்க நைனாவா?"

அண்ணி சிரித்துவிடுவாள். சிரித்த பிறகு சண்டையைப் பிடித்து நிறுத்த அவளுக்கு வராது. இது அந்த வீட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. இருமல் அதிகமான நாளெல்லாம் ஒரு பாட்டு. பாட்டு வந்துவிட்டால் பயம் இல்லை. மற்ற வீடுகளில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கள் வீட்டில் மவுத் ஆர்கன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான்: "இழுத்தா பேச மாட்டேங்குது பாப்பா. ஊதுனா பேசுது."

இரண்டாவது ஓட்டையும் மூன்றாவதும். பிரித்துப் பார்த்தேன். உப்பு இல்லை, வெடிப்பு இல்லை. நாக்கு கொஞ்சம் அதிகமாகத் தூக்கி நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. இடுக்கியால் ஒரு தொடு. இன்னும் வரவில்லை. இன்னொரு தொடு. மூடியைப் போடாமலே அவன் வாயில் வைத்து இழுத்தான். பேசியது. ஆங், இப்ப கீது என்றான். நாக்கு வாசலுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு மெல்லிய மூச்சுக்கும் ஆடும். அதை நானாகக் கண்டுபிடித்துக்கொண்டேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லா நாக்குகளையும் அப்படியே இறக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அவன் வாசித்தது இன்னும் என் காதில் இருக்கிறது, அவ்வளவு மிருதுவாக இருந்தது. அண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோவளத்துப் பேச்சை அந்த வாரம் அவள் எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும். இந்த முறை நாலாவது ஓட்டையும். மறுபடியும் இறக்கினேன். அப்புறம் மறுபடியும்.

இதற்குள் கோவளத்துச் சித்தப்பா வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

ஒரு கட்டத்தில் நாக்குகள் களைத்துவிட்டன, இனி இதில் ஒன்றும் செய்ய முடியாது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போனேன். இன்னும் நல்ல ரகம். காகிதத்தைப் பிரித்து அவனே எடுத்து வாயில் வைத்தான். ஊதினால் பேசியது. இழுத்தால் அதே ஓட்டைகள், அதே ஊமை.

"புதுசே சரியில்ல" என்றான்.

நானும் அதைத்தான் நினைத்தேன். கம்பெனியில் ஒரே தடவையில் செய்த லாட் முழுக்கத் தப்பாக வருவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் கொடுத்து மாற்றலாமா என்றேன். வேணாம், நீயே கை வெச்சிடு, உன் கை பட்டா செரியாவும் என்றான். உட்கார்ந்து இறக்கினேன். பேசியது. இரண்டு வெவ்வேறு பெட்டிகள் ஒரே இடத்தில் ஊமையாவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்பது, காலை முதல் மாலை வரை பழுதான டப்பாவைப் பிரித்துக் காரணம் தேடியவளுக்குத் தெரியவில்லை.

கம்பெனியில் அளவுத் தகட்டையே மாதம் ஒருமுறை சோதிப்பார்கள். தகடு தேய்ந்திருந்தால் அதை வைத்து அளந்ததெல்லாம் தப்பு. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டுச் சோதனைக்கு அனுப்பியதே நான்தான். மாமல்லபுரத்தில் என்னிடம் தகடு இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணனின் மூச்சை வைத்து அளந்தேன். நாக்கு பேசும்வரை இறக்கினேன். மூச்சு மேலும் குறைந்தபோது மேலும் இறக்கினேன்.

இப்படியே நான்கு வருஷம்.

ஒரு ஞாயிறு, சாப்பாடு முடிந்த பிறகு, அண்ணன் ஒரு பாட்டு வாசித்தான். அண்ணி அன்றைக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தாள். இத்தனை வருஷத்தில் புளி போட்டதைத் தவிர மவுத் ஆர்கனை அவள் தொட்டதில்லை. குடுயா, நானும் ஊதிப் பாக்குறேன் என்று பிடுங்கினாள். விறகடுப்பை ஊதி ஊதிப் பழகிய மூச்சு. கன்னம் உப்ப ஊதினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினாள். காற்று அடைபட்ட சத்தம் மட்டும்.

"உன் மூச்சுக்கு அது மசியாது" என்று அண்ணன் சிரித்தான். அவர்களுடைய பெரியவள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள், அவளும் சிரித்தாள். நான் வாங்கி ஊதினேன். வரவில்லை. இழுத்தேன். வரவில்லை. பிறகு, ஏன் என்று தெரியாமல், தூங்குகிறவர் விடுகிற மாதிரி கொஞ்சம்போல மூச்சை விட்டேன். பேசியது.

பலமான காற்று வந்தால் அத்தனை கிட்டத்தில் இருக்கும் நாக்கு வாசலில் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும். நல்ல நெஞ்சு உள்ளவர்கள் யாரும் இனி அதை வாசிக்க முடியாது. நான் அப்படிச் செய்து வைத்திருந்தேன். அது வேலை செய்வதற்கு உலகத்தில் ஒரே ஒரு மூச்சுதான் இருந்தது, அந்த மூச்சு எவ்வளவு சின்னது என்பது என் உதட்டில் இருந்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். சர்வீஸ் பண்ணிக் கொண்டாறேன் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன்.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம். திருக்கழுக்குன்றம் வந்தது, மலை வந்தது, மலை போனது. வயல்களின் மேல் காற்று தாராளமாக அலைந்துகொண்டிருந்தது. ஆடுகள், மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள், சைக்கிள் மிதிக்கிறவர்கள், எல்லோரும் அதை எடுத்து எடுத்து வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்து நின்று ஓட வேண்டும்போல இருந்தது, ஓடுகிற பஸ்ஸுக்குள். சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? உன் மவுத் ஆர்கன் ஒருநாளும் கெடவில்லை அண்ணா என்றா?

சொல்ல வாய் வராது என்று தெரிந்ததால் கையால் செய்தேன். கம்பெனியின் அளவுத் தகட்டைக் கேட்டு வாங்கி வந்து, இருபது நாக்குகளையும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித் தூக்கி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த சரியான வேலை அது. அடுத்த ஞாயிறு கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன்.

ஊதினான். ஏதோ முனகியது. இழுத்தான். இல்லை. அடுத்த ஓட்டை. இல்லை. வரிசையாக எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தான். இருமினான். துண்டை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா பண்ண?"

"எப்படி இருக்கணுமோ அப்படி வெச்சிருக்கேன்."

"பழைய மாதிரி வெய்யி."

"மாட்டேன்ண்ணா."

அடுக்களை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். வந்து அவன் மடியிலிருந்து அதை எடுத்தாள். முந்தானையில் துடைத்து ஊதினாள். வீடே அதிர்கிற மாதிரி, பஸ் ஹாரன் மாதிரி, அத்தனை நாக்கும் ஒன்றாகக் கத்தியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அண்ணி அதை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் அழவில்லை. பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொள்ள அவனுக்கு ஒரு சட்டை எடுத்தாள்.

அண்ணன் என்னிடம் கோபமாகச் சொல்லியிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னான்.

"நீ செரி பண்ணிகினே இருந்தியா, அதான் செரியாத்தான் கீதுன்னு நெனச்சிட்டேன்."

டாக்டர் அவன் முதுகில் இடது கையை வைத்து, அதன் மேல் வலது கை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான், கல் வாங்கப் போன இடத்தில் நிற்பதுபோல. அந்தச் சத்தம் என்ன என்று எங்கள் எல்லோரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். எக்ஸ்ரேவில் இரண்டு பக்கமும் ரவை இறைத்த மாதிரி இருந்தது. கல்தூள் படிந்துவிட்டது, படிந்தது போகாது என்றார். இருமல் தொடங்கியபோதே மெஷினை விட்டிருந்தால் அந்த மட்டில் நின்றிருக்க வாய்ப்பு உண்டு என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. எப்பலேர்ந்து மூச்சு வாங்குது என்று கேட்டார். அண்ணன் யோசித்து, இப்பதான் சார், கொஞ்ச நாளா என்றான். நான் சுவரைப் பார்த்தேன்.

மெஷினை விட்டான். கோவளத்துச் சித்தப்பா மனசு வைத்து மறுபடி இடம் கொடுத்தார். எட்டு மாதம் ஐஸ் வண்டியில் போனான். பிறகு வண்டியில் ஏற முடியவில்லை. பிறகு வாசல்படி. பிறகு கட்டிலுக்கும் கொல்லைக்கும் நடுவிலேயே ஒரு ஸ்டூல் போட வேண்டியிருந்தது, உட்கார்ந்து போவதற்கு.

அந்தக் கடைசி மாதங்களில் ஒருநாள், பழைய மாதிரி வெச்சுக் குடு பாப்பா என்று கேட்டான். இப்போது அதை வைத்து யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வைத்துக் கொடுத்தேன். ஒரு ஞாயிறு பேசியதை அடுத்த ஞாயிறு இன்னும் இறக்க வேண்டியிருந்தது. தொடு, அவன் இழுக்க, இல்லை. தொடு, இழுக்க, இல்லை. ஒரு ஞாயிறு நாக்கு வாசலைத் தொட்டுவிட்டது. அதற்குக் கீழே இறக்க இடம் இல்லை. நான் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அதைப் புரிந்துகொண்டு, வேறு பேச்சு பேசினான். உன் கம்பெனில இன்னும் கேன்டீன் சோறு மோசமாத்தான் போடறானா என்று.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு அண்ணியும் நானும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி தலை நிமிராமல் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும் பாப்பா. முன்னல்லாம் உப்புக்குத்தானே பிரிச்ச. எப்பலேருந்து அவரு மூச்சுக்கு எறக்கிக் குடுத்த?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன ஒரு வருஷம் இருக்கும் அண்ணி. அதுக்கு மேல இல்ல."

அண்ணி விரல்விட்டு எண்ணினாள். பெரியவள் எந்த வகுப்பு என்பதுதான் அவளுக்கு நாள்காட்டி. "அப்ப அது ஒம்பதாவது" என்றாள். கொஞ்ச நேரம் ஒரு குண்டானையே கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக் கையால் என் முழங்கையைத் தொட்டாள்.

"ஒரு வருசத்துல இன்னா ஆயிருக்கப் போது. வுடு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. சாப்ட்டியா?"

நான் முதல் முறை இறக்கிக் கொடுத்தபோது பெரியவள் ஆறாவது. கோவளத்தில் ஐஸ் வண்டிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த வருஷம். அண்ணி எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.